அயர்லாந்தின் கோல்காரன்

கல்லடித் துறையில் தோணி தாங்குறவன் நான், பத்தக்குட்டி.
துரைமார் கூலியைக் கையில் தருவதில்லை.
கரையில் இறங்கி, கிறுகி நின்று எறிவார்கள்.
தண்ணியில் விழுந்தால் என்ட நட்டம்.
விழ விட்டதில்லை.

அதைப் பார்த்துத்தான் பொலிஸ் டூலன் துரை கேட்டார்:
நாளைக்கு அயர்லாந்துக்குக் கோல் காக்க வாறியா?
கோல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்று,
தோணி தாங்குற கம்பு.
அதை ஆர் களவெடுக்கப் போறான் என்று சிரித்துக்கொண்டு
கம்பையும் தோளில் வைத்துக்கொண்டே போனேன்.

கோட்டைக்குப் பின்னால் வெளி. சித்திரை வெயில்.
கப்பலில் வந்த கடதாசியில் இருந்ததாம்:
சீமையில் நாலு நாட்டாரும் முறைவைத்து
ஆளோடு ஆள் பந்து உதைத்தார்களாம்.
அதை இங்கேயும் உதைத்துப் பார்க்கவேணுமென்று
சுங்கத்து ஹார்லி துரைக்கு ஆசை.

பக்கத்துக்கு ஒரு துரைதான் அந்த நாட்டான்.
மிச்சம் பத்துப் பேரும் நாங்கள்.
இங்கிலாந்துக்குக் கச்சேரிப் பியோன்மார்.
ஸ்கொட்லாந்துக்குக் குளக்கட்டில் மண் சுமக்கிறவர்கள்.
வேல்சுக்கு மிசன் பள்ளிப் பொடியன்மார், செபம் முடித்து
தலை ஈரம் காயாமல் வந்தார்கள்.
அயர்லாந்துக்கு மிஞ்சினது
நான், இறைச்சிக்கடை ஆதம்பாவா, அவன்ட மச்சான் உதுமாலெவ்வை,
கம்பு நட்டுத் தும்புக்கயிறு கட்டின தச்சன் ரேகல்,
மறியலில் இருந்து பின்னேரத்துக்கு மட்டும் விட்ட மூன்று பேர்,
இன்னும் ஆரோ.

பந்துக்குள்ளே பன்றிப் பை இல்லையென்று
சத்தியம் வாங்கின பிறகுதான் ஆதம்பாவா காலை வைத்தான்.
வைத்துவிட்டுக் கேட்டான்:
நாலு நாட்டுக்கும் தாய் அந்த ஒரு ராசாத்தியென்றால்
குடியும் ஒன்றுதானே மச்சான்,
பிறகு என்ன அடிபாடு?

ஒருத்தரும் மறுமொழி சொல்லவில்லை. விசில் ஊதிற்று.

முதல் பந்து காலுக்குள்ளால் போனது.
இரண்டாவதைப் பார்க்கவேயில்லை.
மூன்று, நாலு,
ரேகல் என்னைப் பறங்கி பாசையில் ஏசினான்.
அஞ்சு.
எங்கட ஒன்றை அடித்தவன் மறியல்கார கணவதி.
அடித்த வேகத்தில் ஓடினவன் நிற்கவில்லை,
வெளியைக் கடந்து, தாழங்காட்டைக் கடந்து
ஓடியே போனான்.
டூலன் துரை துரத்தச் சொல்லவில்லை.
கை தட்டினார்.

ஏழு ஆனதும் ஹார்லி
மடித்த கடதாசியைச் சட்டைப் பையில் இருந்து எடுத்தார்.
எட்டுக்கு ஒன்று என்று போட்டிருக்காம்.
இன்னும் ஒன்று கிடக்கு என்றார்,
வரிப்பாக்கி கேட்கிறதுபோல.

எனக்குத் தெரிந்த போட்டி கொம்பு விளையாட்டு.
வடசேரி, தென்சேரி, வடத்தைப் பிடித்தால் இழுவைதான்.
முறிகிற கொம்பு முறியும்.
கடதாசி பார்த்து எந்தக் கொம்பும் முறிந்ததில்லை.

ஹார்லி தானே உதைத்தார்.
வெயில் நேரே கண்ணுக்குள்.
பந்து தெரியவில்லை, மினுக்கம்தான் தெரிந்தது,
கரையில் இருந்து எறிகிற காசின் மினுக்கம்.

கை தன்பாட்டில் போனது.

நெஞ்சில் பந்தோடு மண்ணில் கிடந்தேன்.
உதுமாலெவ்வை என்மேல் விழுந்தான், ரேகல் அவன்மேல்.
ஏழுக்கு ஒன்றில் தோற்றவர்கள்
அப்படிக் கூச்சல் போட்டதை
கச்சேரிப் பியோன்மார் வாய் பிளந்து பார்த்தார்கள்.

இரவு டூலன் துரையை அக்கரைக்கு ஏற்றினேன்.
பாதி வாவி மட்டும் பேச்சில்லை.
உங்கட ஊரிலும் துறை இருக்கா என்று கேட்டேன்.
இருக்கு, அங்கேயும் சுங்கம் எடுக்கிறது ஹார்லிதான் என்றார்.
கூலியைக் கையில் வைத்தார்.
ஈரக் கை. காசு சூடாக இருந்தது.

விடிய ஹார்லி ஏறினார். வாய் திறக்கவில்லை.
இறங்கினார், கிறுகினார்,
என்றுமில்லாத மாதிரி வீசி எறிந்தார்,
தலைக்கு மேலால், இடப்பக்கம், நல்ல தூரத்தில்.

நான் அசையவில்லை.
கம்புக்கு வெளியால் போற பந்தைத்
தொடத் தேவையில்லை.