ஆயாசம்

ஆயாசங்கா உந்தி என்றாள் ரெட்டெம்மா.
மூன்று நாளாக அதே சொல்.
களைப்பு என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன்.
எனக்குத் தெரிந்த சொல்தானே,
திருமயத்தில் அப்பா
கடை பூட்டி வந்து சொல்வது.

வெளுத்த கண்ணிமை. ஹீமோகுளோபின் ஏழு.
வயது இருபத்தாறு, இரண்டு பிரசவம்,
நகரிப் பக்கம் மாங்கூழ் ஆலையில் நின்றபடி வேலை.
எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.
பொருந்தியதும்
கேட்பதை நிறுத்திவிட்டேன்.
இரும்புச்சத்து, பூச்சி மாத்திரை,
ரத்தம் ஒரு யூனிட், இன்றிரவே.

திருத்தணியிலிருந்து பை வந்தபோது மணி ஒன்றரை.
பள்ளிப்பட்டில் அந்நேரம்
விசைத்தறிகூட ஒன்றிரண்டுதான் ஓடும்.
குளிர் போகட்டும் என்று பையை மேசைமேல் வைத்த
சிஸ்டர் தாவீதம்மாள்
"இந்தப் பொண்ணு படுக்கவே மாட்டேங்குது சார்" என்றார்
குறை சொல்வதுபோல.

கட்டிலில் கால் தொங்கவிட்டு
இரும்பு லாக்கரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
களைத்தவள் படுப்பாளே.
கேட்டேன். அதே சொல்.
இம்முறை அவள் கையைப் பார்த்தேன்.
காலுக்குப் போகவில்லை, தோளுக்குப் போகவில்லை,
நெஞ்சில் இருந்தது.
படுகுண்ட்டே எக்குவ, என்றாள்.
"படுத்தா அதிகமாகுதாம். தெலுங்குல ஆயாசம்னா
மூச்சு வாங்கறது சார்.
உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

இடப்பக்கம் சாயச் சொன்னேன், ஒரு நிமிடம் பொறுத்துக்கொள் என்று.
முதல் ஒலி, அறைந்து சாத்திய கதவு.
பிறகு எங்கோ பாலத்தின்மேல்
லாரி கடப்பதுபோல் ஓர் உறுமல்.
பாவாடை வயதில் வந்துபோன காய்ச்சல்
அவள் வால்வைச் சுருக்கி வைத்திருக்கிறது.
முதுகின் அடியில், இருபுறமும்,
ஈர உப்பு பொரியும் சத்தம்.

ரத்தச்சோகை பொய்யில்லை.
இருந்ததால்தான் ஏமாந்தேன்.
அந்தப் பை விறுவிறுவென்று ஏறியிருந்தால்
நுரையீரலில் போய் நின்றிருக்கும்.
ரத்தம் வேண்டும்தான் அவளுக்கு;
எப்போது, எவ்வளவு மெதுவாக என்பதை
எக்கோ பார்த்தவர்கள் முடிவு செய்யட்டும்.
இப்போதைக்கு
நீர் பிரிய ஊசி, ஆக்ஸிஜன்,
தலைமாட்டுக்கு மூன்று தலையணை
(இரண்டு அடுத்த கட்டில்களில் கடன்).
நாலு மணிக்குச் சாய்ந்தபடி தூங்கினாள்.
நான் மேசைமேல் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அட்டை திருப்பதியில்தான் செல்லும்.
விடிந்ததும் கணவன் வண்டி பேசப் போனான்.
ரெஃபரல் எழுதி முடித்துப்
பழைய வரிக்குத் திரும்பினேன்.
தாளைக் கிழிக்கவில்லை.
களைப்பு என்பதன் குறுக்கே ஒரு கோடு,
தேதி, நேரம், கையெழுத்து.

ரவுண்ட்ஸில் ஐந்தாம் கட்டில் துலுக்காணம்,
மூன்று தலைமுறையாகத் தறி,
"ஒரே ஆயாசமா இருக்கு டாக்டர்" என்றார்.
எந்த மொழியில் என்று கேட்டுவிட்டேன்.
அவர் தாவீதம்மாளைப் பார்த்தார்.