ஆயிரம் லிட்டர்

வியாழன்தோறும் வரும் தண்ணீர் லாரி
இந்த வியாழன் வரவில்லை.
போர்த்தோ வேல்யோவில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால்
யாரும் சிரிப்பார்கள்.
மதிலுக்கு அப்பால் மதெய்ரா ஆறு
மரங்களைப் பிடுங்கிச் சுமந்து போகிறது;
உள்ளே குழாய்கள் காற்றை இருமுகின்றன.

மூன்றாம் தொகுதியில் அறுபத்திரண்டு பேர்.
மிச்சத் தண்ணீரை எட்டிப் பார்த்து
அவர்களே கூடிப் பேசிச் சொல்லியனுப்பினார்கள்:
"ஞாயிறு வரை நாங்கள் குளிக்கவில்லை, ஒஸ்வனீர் ஐயா.
தொட்டி நிறையட்டும்."

இருபது வருடச் சீருடையில்
இவர்கள் எதையும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை,
ஒரு சிகரெட்டின் அடிக்கட்டையைக்கூட.

கூரையிலிருந்து நீலப் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கினோம்.
அடியில் பாசி, செத்த பல்லி ஒன்று.
தேய்த்துக் கழுவியவன் எதினெல்சன்.
முழுகப் போகிறவனும் அவன்தான்.

அவன் கதை கோப்பில் நான்கு வரி:
இரவு. குடி. விளக்கில்லாத விசைப்படகு.
எதிரே ஓடத்தில் பத்தொன்பது வயது அதெயில்டோ.
கோப்பில் இல்லாத ஐந்தாம் வரி எனக்குத் தெரியும்:
ஆறு வருடமாய் இவன் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டதில்லை.
ஈரத் துணியால் முகத்தை ஒற்றிக்கொள்வான்,
காய்ச்சல்காரனுக்கு யாரோ செய்வதுபோல.

போதகர் மரினேச்சி
சந்தையில் மரவள்ளி அடை சுட்டு விற்பவள்.
அவள் கொண்டுவந்த அடைகளையும்
கம்பியால் குத்திப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன்.
தொட்டிக்குள் அவளும் இறங்கினாள், பாவாடை மிதக்க.
"பயமா?"
"பயம்."
"சரி. பயத்தோடேயே வா."

அவன் தலை உள்ளே போனது.
நான் எண்ணினேன். தொழில் பழக்கம், எதையும் எண்ணுவேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றைச் சொல்லுமுன் அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்,
எண்ண ஆளில்லாமல் அமிழ்ந்தவன்.

எதினெல்சன் எழுந்தான்.
வானம் திறக்கவில்லை. புறா வரவில்லை.
மூக்கில் நீரேறிக் கன்றுக்குட்டிபோல் தும்மினான்.
அறுபத்தொரு பேரின் வியர்வை நாற்றத்துக்கு நடுவே
ஒருவன் மட்டும் நனைந்து நடுங்கினான்.

எனக்கும் சிசுவாயிருந்தபோது
நெற்றியில் மூன்று சொட்டு விட்டார்களாம்.
எனக்கு நினைவில்லை. தண்ணீருக்கும் இராது.

திங்கள் காலைக் கணக்கெடுப்பில்
அதே எண், அதே கம்பி, இன்னும் ஒன்பது வருடம்.
"எங்கேடா அந்தப் புது மனுஷன்?" என்றேன், கேலியாய்த்தான்.
"தெரியல ஐயா.
ஒரு தாள் கிடைக்குமா?"

அதெயில்டோவின் தாய்க்கு எழுதினான்.
பிரிக்காமலே திரும்பி வந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவதில் உறையின் ஒரு மூலை
லேசாய்க் கிழிந்திருந்தது;
தபால்காரன் கை பட்டிருக்கலாம்.
அந்தக் கிழிசலைப் பகலெல்லாம்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான்காவதைத் தொடங்கிவிட்டான்.

அஞ்சல் தலைக்கு நான்தான் காசு கொடுக்கிறேன்.
வீட்டில் சொல்லவில்லை.

சொல்லாதது இன்னொன்றும் உண்டு.
அந்த ஞாயிறு மாலை தொட்டியைக் காலிசெய்ய
அடைப்பைத் தேடிக் கையை விட்டேன், தோள்வரை.
அறுபத்திரண்டு பேரின் குளியல் அது.
பிடுங்க மனம் வரவில்லை.
வாளி வாளியாய் மொண்டு
அறை அறையாய்க் கொடுத்து முடிக்க இருட்டிவிட்டது.

கடைசிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
சட்டைக் கை சொட்டிக்கொண்டே வந்தது.
பிழிந்திருக்கலாம்.
பிழியவில்லை.