பஞ்சு ஊறும் நேரம்

லனெல்லி பேருந்துப் பணிமனை. பின்சுவர். தூறல்.
கொரோன்வி இருமுகிறான்,
அடிபிடித்த பாலை
அப்படியே நெஞ்சுக்குள் ஊற்றியதுபோல்.

முப்பத்தொரு வருடச் சிகரெட்டுக்கு மாற்றாய்
முந்தாநாள் வாங்கிய வேப் தொட்டி.
கடையில் இருந்ததிலேயே பெரியது.
மேகமாய் வரும் என்றார்கள்.
வந்தது, சீருடைப் பைக்குள்
பிசுபிசுவென்று ஸ்ட்ராபெரி.

வண்டி கழுவும் மெரெரிட் வாங்கிப் பார்த்தாள்,
காற்றுத் துளையை நகத்தால் திருகினாள்.
"மேகம் உனக்கெதற்கு?
இந்த ஊர் வானம் தருவது போதாதா?
சின்னதாய் ஒன்று வாங்கு, சிகரெட் மாதிரி
வாயில் நிறுத்திப் பிறகு உள்ளே இழுக்கிற வகை.
புதுக் காயில் போட்டால்
பஞ்சில் நாலு சொட்டு விடு, நிரப்பு,
பத்து நிமிடம் தொடாதே.
காய்ந்த பஞ்சு கருகாமல் என்ன செய்யும்?"

மறுநாள் சின்னத் தொட்டி. நாலு சொட்டு.
கண்ணாடிக்குள் ஒரு குமிழி
அவசரமில்லாமல் மேலே போனது.
மூன்றாம் நிமிடம்
விரல்கள் பழைய பெட்டியைத் தேடின.
ஆறில் ஒரு வசவு, வெல்ஷில்.
ஒன்பதில் ஸ்வான்சி வண்டிக்கு அழைப்பு.

கோர்செய்னான் தாண்டி,
நனைந்த குடைகளுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கையில்தான்
ஞாபகம் வந்தது:
பையில் அது இன்னும்
ஊறிக்கொண்டிருக்கிறது.