இரண்டு லீற்றர்

பயிற்சிப் பொம்மைக்குள்
இளஞ்சூட்டில் இரண்டு லீற்றர் தண்ணீர் ஊற்ற வேண்டும்.
அப்போதுதான் கழுத்து துவளும்,
தலை ஒரு பக்கம் சரியும்,
எங்கள் கை அதைப் பிள்ளையென்று நம்பும்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி, மேல்மாடி.
கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே பதினொரு மருத்துவமாதுகள்.
நெடுந்தீவு, அனலைதீவு, மருதங்கேணி.
எழுவைதீவுக்கு நான் ஒருத்தி.
விடிய முதல் வள்ளம் ஏறிய சேலைக்கரையில்
உப்பு இன்னும் காயவில்லை.

துவாரகி சொல்லித்தருகிறாள். இருபத்தாறு வயதிருக்கும்.
நான் வேலைக்குச் சேர்ந்த வருடம்
அவளுக்கு யாரோ ஒருத்தி முக்கூட்டு ஊசி போட்டிருப்பாள்.

"முதல் நிமிடம் மூச்சுக்கு.
ஈரத்தைத் துடையுங்கோ. பிள்ளை எதையோ மோந்து பார்க்கிற மாதிரி
நாடியைச் சற்று உயர்த்துங்கோ.
நெஞ்சு எழும்பேல்லையெண்டால் முகமூடியைத் திருப்பி வையுங்கோ.
சளி உறிஞ்சிக்கொண்டு நிக்க வேண்டாம்."

கடைசி வரியை நான் கொப்பியில் எழுதவில்லை.

ஏழு வருடத்துக்கு முந்திய கார்த்திகை.
வாடை எழும்பி வள்ளமெல்லாம்
கரையில் ஏற்றிக் கிடந்த இரவு.
யூடிற்றாவின் இரண்டாவது பிள்ளை
நீலமாய் வந்தது.
நான் உறிஞ்சினேன்.
வாய், பிறகு மூக்கு, திரும்பவும் வாய்.
சுத்தமாக்கிவிட்டுத்தான் காற்று என்று
எனக்குப் படிப்பித்திருந்தார்கள்.
சுத்தமாகத்தான் இருந்தது
கடைசியில்.

புதிதாய் ஒன்றைப் படிக்கையில்
கை கொஞ்சம் தேறுகிறது.
அதே கணத்தில் பழைய அட்டை ஒன்று
தானாகத் திறந்துகொள்கிறது.
இதைக் கையேட்டில் அச்சடிப்பதில்லை.

தேநீர் நேரம் கேட்டேன்:
"உறிஞ்சாமல் விட்டிருந்தால்?"
அந்த 'இருந்தால்' அவளுக்கு விளங்கிவிட்டது.
பதிலும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.
பிளேன்ரீயை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு
போன மாசியில் தன் கையில் நின்றுபோன
ஒரு மூச்சைப் பற்றிச் சொன்னாள்.
அவளுக்கு எல்லாப் பாடமும் தெரிந்திருந்தது.
முகமூடி ஓர் அளவு பெரிது. அவ்வளவுதான்.

பின்னேரம் பொம்மையை இரவல் தந்தார்கள், ஒரு மாதத்துக்கு.
தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொண்டுபோகலாம்.
நான் கொட்டவில்லை.
துவாயில் சுற்றி, தோளில் சாத்தி,
ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறினேன்.

இடம் தந்து எழும்பியவள் யூடிற்றா.
"ஆற்றை பிள்ளை, மிஸ்ஸி?"

துவாயை விலக்கிக் காட்டினேன்.
சிரித்தாள். பிறகு கை நீட்டினாள்.
வாங்கி, ஒருதரம் ஏந்திப் பார்த்து,
"பாரமாய்த்தான் கிடக்கு" என்றாள்.
தலைக்குக் கீழே
அவள் கை தானாகப் போயிருந்தது.

"இதை வைச்சு என்ன செய்யிறது?"

மண்ணெண்ணெய் பீப்பாய்க்கும் பாண் பெட்டிக்கும் நடுவில்
மடியில் கிடத்தி, முகமூடி வைத்து, பையை அமர்த்தினேன்.
ஊது, இரண்டு, மூன்று.
ரப்பர் நெஞ்சு எழும்பிற்று.
ஊது, இரண்டு, மூன்று.
அவளும் எண்ணத் தொடங்கினாள், மெதுவாக.
மோட்டார் இரைச்சலில்
எங்கே நிறுத்தினாள் என்று கேட்கவில்லை.

இறங்குதுறையில் வள்ளக்காரன்
இரண்டு பேருக்குக் காசு கேட்டான், பகிடிக்கு.
யூடிற்றா தன் பையைத் தூக்கிக்கொண்டு
திரும்பிப் பாராமல் நடந்தாள்.

செவ்வாய் இரவுகளில் நாங்கள் பதினொருவரும்
போனில் கூடுகிறோம்.
இந்தத் தீவில் சிக்னல்
கோயில் மதிலோரம் நாலு அடிக்குள்தான் நிற்கும்.
நிறை ஏறாத பிள்ளை, குளிரில் கெட்ட ஊசி மருந்து,
நடந்தது, நடக்காமல் போனது.
அம்மாக்களின் பெயர் சொல்லக்கூடாது, அது ஒன்றே விதி.

என் முறை வந்தபோது
"ஒரு கார்த்திகை" என்று தொடங்கினேன்.
பத்துப் பேரும்
இரைச்சலோடு காத்திருந்தார்கள்.
யாரோ ஒருத்தியின் வீட்டில்
ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.
அவள் போனை மூடவில்லை.