கச்சான் சரை

கோட்டையில் வாங்கிய கச்சான்
கொம்பனித்தெரு வரமுன்னமே முடிந்தது.
சரையைப் பிரித்தேன்.
யாரோ பிள்ளையின் கேத்திரகணிதம், தரம் ஒன்பது.
பெயர் கிழிந்து ‘ர்ஜினி’ மட்டும் மிச்சம்.
இரண்டு முக்கோணி, நடுவில் ஒரே கோடு.
‘இப்பக்கம் இப்பக்கத்துக்குச் சமன்’
என்று எழுதியிருக்கிறாள்.
அருகே சிவப்பு மையில்: ஏன்?

நாள் முழுக்கச் சீத்தை கிழித்த கை.
சனம் வாசலில் தொங்க
எனக்கு அதிசயமாய் ஒரு மூலை கிடைத்திருந்தது.
பில் எழுதும் பேனையை எடுத்தேன்.
பள்ளிக்கூடம் விட்டுப் பதினேழு வருசம்.
பம்பலப்பிட்டி போனது.
வெள்ளவத்தை, நான் இறங்கவேண்டியது, அதுவும்.

தெகிவளையில்தான் நினைவு வந்தது.
உப்புத்தூள் ஒட்டிய தாளில்
பேனை வழுக்க வழுக்க
அந்த ஏனுக்கு அடியில் எழுதினேன்:

பொதுப் பக்கம்.