இலை, எலை

கானாடுகாத்தானில் அந்த வீட்டுக்கு
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்.
நடுவே முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு.
அதையெல்லாம் தாண்டித்தான் அடுப்பு.

போன முகூர்த்தத்தில் பார்த்தோமே:
பந்திக்கு ஆள் எண்ணியவர் முகப்பிலிருந்து
"எழுபது" என்று குரல் கொடுத்தார்.
வளவில் நாயனம் உச்சத்தில்.
இரண்டாங்கட்டில் அது இருபதாகிவிட்டது.
மூன்றாங்கட்டில் யாரோ ஒருவர்
கையிலிருந்த மோர் டம்ளரோடு அதையும்
ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோனார்.
அந்த எண்ணால் அந்த அறைகளுக்கு ஒரு உபயோகமும் இல்லை.
வாங்கிக் கொடுக்க மட்டுமே நடுவில் நின்றன.
இதைத்தான் ஒழிக்கிறோம் என்று சொல்லி
முன்பணம் வாங்கினோம், அடைக்கப்பா.

இன்று முகப்பில் ஒரு ஃபோன், அடுப்படியில் ஒரு ஃபோன்.
அடுப்படி ஃபோனுக்குள்
வெளியிலிருந்து வருவதை வாங்கும் சர்வீஸ் என்னுடையது,
கண்ணுக்குக் காட்டும் திரை உன்னுடையது.
எண்ணைப் பொட்டலம் கட்டி, மேலே பெயரெழுதி,
இன்டென்ட்டில் வைத்து உன் பக்கம் நீட்டுவேன்.
நீ பெயரைச் சொல்லிக் கேட்பாய்.
அவ்வளவுதான் நமக்குள் ஒப்பந்தம்.

ஒன்பது மணிப் பந்தி.
தவசிப்பிள்ளை முத்துராக்கு
விரலெல்லாம் எண்ணெய், புறங்கையால் திரையைத் தட்டினார்.
பூஜ்யம்.
இன்னொரு தட்டு.
பூஜ்யம்.
"ஏந்தாயி, கல்யாணம் நின்னுபோச்சா?"

கவுனி அரிசி மூட்டைமேல் லேப்டாப்பைத் திறந்தேன்.
லாக்கில் எழுபது இருந்தது,
முழுசாய், ஒரு கீறல் இல்லாமல்.
முகப்பிலிருந்து சிங்கப்பூர் சர்வர் வரை போய்
பத்திரமாய்க் கானாடுகாத்தான் திரும்பிய எண்
கடைசி விரற்கடையில் தொலைந்திருக்கிறது,
உன் கோப்புக்கும் என் கோப்புக்கும் நடுவில்.

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.
பொட்டலத்தின் மேல் நான் இலை என்று எழுதியிருக்கிறேன்.
நீ எலை என்று கேட்டிருக்கிறாய்.
தேவகோட்டைப் பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குப் போனவள் நான்,
வாயில் வருவதை அப்படியே தட்டுகிறவன் நீ.
கம்பைலருக்கு இரண்டும் சம்மதம்.
ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை.
கிடைக்காவிட்டால் பூஜ்யம் என்று நீ எழுதி வைத்திருந்தாய்.
கிடைக்கவில்லை.

திருத்த நான்கு நிமிஷம்.
பெயரை ஒரே ஒரு கோப்பில் எழுதுவது,
இரண்டு பேரும் அங்கிருந்தே எடுப்பது.
எந்தப் பெயர்?
"எலைன்னே இருக்கட்டும் உமையா,
சமையக்கட்டுல அதான் பேச்சு."
கட்டுரைப் போட்டிக்காரி விட்டுக்கொடுத்தாள்.
கூடவே உன் பூஜ்யத்தை அழித்தேன்.
யாரும் வரவில்லை என்பது வேறு.
சேதி வரவில்லை என்பது வேறு.
இரண்டுக்கும் ஒரே முட்டையைப் போட்டால்
பணியாரச் சட்டி எதை நம்பும்?

திரையில் எழுபது எரிந்தது.
அதற்குள் முத்துராக்கு
நான்கு கட்டும் நடந்து போய், தானே தலை எண்ணி,
திரும்பியும் வந்துவிட்டார்.
"அறுபத்தெட்டு. ரெண்டு புள்ளைக மடியில இருக்கு."

மூன்று மணிக்கு, கடைசிப் பந்திக்கும் கடைசியாய்
மிஞ்சிய இலைகளில் இரண்டை விரித்து உட்கார்ந்தோம்.
சாம்பார் ஆறியிருந்தது.
நான் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
செக்காலை ரோட்டு மாடி அறையை எடுப்போமா,
வாடகையில் பாதி நான் தருகிறேன் என்று
மூன்று வாரம் முன்னால் உனக்கு எழுதினேன்.
பதில் இல்லை.
இல்லாததைப் பூஜ்யம் என்று படித்துக்கொண்டேன்.
அந்தப் பூஜ்யத்தை வைத்துத் தனியாய்க் கணக்குப் போட்டு
சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு
ரெஸ்யூமே வரைக்கும் அனுப்பியாயிற்று.

தண்ணீர் தெளித்தபடி, உன்னைப் பார்க்காமல் கேட்டேன்:
அந்த வாடகை விஷயம், உனக்கு வந்துதா?

வாயில் பால்பணியாரம்.
நீ மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"எந்த வாடகை?"