பத்து போல்ட்

மறுபடியும்.
நிறுத்திய இடத்தில், சரளைக்கல் மேல்,
உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு.
விரலால் தொட்டு மோந்தேன்:
கூமுட்டையும் கந்தகமும்.
கியர் ஆயிலேதான்.

இந்தக் கோடையில் மூன்றாம் தடவை.
முதல் தடவை
அத்பாஷி சந்தையில் பசை விற்றவனைத் திட்டினேன்.
இரண்டாம் தடவை
நாத்தனார் புருஷன் தெமிர்குலை.
முரட்டுக் கை உனக்கு, மூடியை வளைத்துவிட்டாய் என்றேன்,
அவன் பிள்ளைகள் முன்னால்.
அவன் ஸ்பானரைத் துடைத்தான், துணியில் சுற்றினான், போனான்.
அதன்பிறகு எங்கள் வீட்டுத் தேநீர்
அவன் தொண்டையில் இறங்கவில்லை.
ஐம்பத்திரண்டு நாள்.

ருஷ்ய வண்டி. முழு ரொட்டியைச்
சக்கரத்தில் ஏற்றியது போல இருக்கும்.
ஐஸ் பெட்டியில் ஆட்டுத் தடுப்பூசி நானூறு.
ஐஸ் நாளை மதியம் வரை தாங்கும்.
மந்தைகள் கணவாய்க்கு அந்தப் பக்கம்.
எவ்வளவு நேரம் ஆகும் என்றாள்
கால்நடை மருத்துவர் ஜிபார்.
பசை காயணும். ராத்திரி முழுக்க.
அவள் ஒன்றும் சொல்லாமல்
பெட்டியை நிழலுக்கு இழுத்தாள்.

ஊற்றும் துளையின் மூடியை முதலில் திற.
அது அசைந்த பிறகே மற்றதில் கை வை.
எல்லாவற்றையும் வடித்துவிட்டு
ஊற்ற வழியில்லாமல் நின்றவர்கள் உண்டு.
அதில் ஒருத்தி நான்.

பத்து போல்ட். ஒன்பதைக் கழற்றி
உச்சியில் ஒன்றை மட்டும் தளர்த்தி விட்டேன்.
உளியை நுழைத்து ஒரு தட்டு.
பொதுக்கென்று வாய் திறந்து
வெட்டிய கேனுக்குள் கொட்டியது, தேன் நிறத்தில், நிதானமாக.
கைவசம் வேறு எண்ணெய் இல்லை.
தலைத்துணியில் வடிகட்டி
இதையேதான் திரும்ப ஊற்ற வேண்டும்.

உள்ளே பல்சக்கரங்கள்,
சொத்தையில்லாத வாய்.
காந்தத்தில் எஃகுத்தூள், பூஞ்சை பிடித்தாற்போல.
பழைய பசையைப் பிளேடால் சுரண்டினேன்.
பெட்ரோல் துணியால் துடைத்தேன்.
பிறகு, செய்யவேண்டாம் என்று
இரண்டு மாதமாக இருந்ததைச் செய்தேன்:
மூடியை ஜன்னல் கண்ணாடிமேல் கவிழ்த்து
விளிம்பைச் சுற்றி டார்ச் அடித்தேன்.
ஒரு நூல் வெளிச்சம்கூட நுழையவில்லை.

வளையவில்லை.

கண்ணாடிமேல் டார்ச்சை வைத்துவிட்டு
கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜிபார் குந்தி எட்டிப் பார்த்தாள்.
வயிறு உப்பின மாட்டுக்கு நான் விலாவில் குத்துவேன்.
ஓடி ஓடிச் சூடாகிற இதுக்கு
காத்து எந்த வழியாப் போகும்?

கையை அச்சுக்கு மேலே விட்டுத் தடவினேன்.
சுண்டுவிரல் உயரக் குழல்,
ஆற்றைக் கடந்து கடந்து
களிமண் இறுகி அடைத்திருந்தது.
போக வழியில்லாத காற்று
எண்ணெயை விளிம்பு வழியே தள்ளியிருக்கிறது.
பழி ஓரிடம். பாவம்
இதோ, கடுகளவு மண்.

ஆட்டு ஊசி ஒன்றைத் தந்தாள்.
குத்தினேன். உதிர்ந்தது.
வாயை வைத்து ஊதினேன்.
என் மூச்சு இரும்புக்குள் நுழைந்து
திறந்த பக்கம் வந்து
அவள் முகத்தில் பட்டது.
ச்சீ, என்றாள். சிரித்துவிட்டாள்.
மண்ணைத் துப்பிவிட்டு நானும்.

பசையை விரல் தடிமனுக்கு அப்பக்கூடாது,
தீக்குச்சி தடிமன் போதும்,
போல்ட் துளைகளின் உட்புறமாக.
முறுக்குவது குறுக்கும் நெடுக்குமாக.
அவன் சொன்ன முறை அது.
அப்படித்தான் முறுக்கினேன்.

விடிந்ததும் எண்ணெய் ஊற்றிக் கணவாய் ஏறினோம்.
ஐஸ் பாதி தண்ணீர், பாதி ஐஸ்.
முந்நூற்றெண்பது ஆட்டுக்குப் போட்டாள் ஜிபார்.
மீதிக்கு ஆடு அகப்படவில்லை.

முகாமுக்குப் பின்னால் ஒரு மேடு.
அங்கே மட்டும் போனில் ஒரு கோடு வரும்.
ஏறினேன். மூச்சு வாங்கியது.
மூடி வளையலை, தெமிர்குல், என்றேன்.
காற்று. குதிரை ஒன்று செருமியது.
எனக்குத் தெரியும், என்றான்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
கோடு போனதா, அவன் வைத்தானா, தெரியாது.

இறங்கி வந்து
வண்டிக்கு அடியில் குனிந்தேன்.
காய்ந்திருந்தது.
நம்பாமல் விரலால் தொட்டேன்.